கிருமியின் பரம்பரை

ஈறு நோய்க் கிருமிகளோடு வேலை செய்ய வந்திருக்கிறீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் இயந்திரம் ஒரு கிருமியின் ஜீனை மதியச் சாப்பாட்டுக்குள் படித்துக் கொடுத்துவிடுகிறது. படித்ததை, அந்தக் கிருமி எந்த வாயிலிருந்து வந்ததோ அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் அது சொல்லித் தராது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் செய்ததில் பாதி மறந்துவிட்டது. தனம் என்ற பெண்ணை மட்டும் மறக்க முடியவில்லை. உங்களிடம் பேசச் சொன்னதும் அவள் நினைவுதான் வந்தது.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்தது சிரம்பான் டவுன். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. எஸ்டேட்டுகளை நான் பஸ் சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் பேராசிரியர் நெகிரி செம்பிலான் எஸ்டேட்டுகளுக்குப் போய் வாய் மாதிரிகள் எடுத்து வரத் தொடங்கியபோது, தமிழ் பேசத் தெரிந்தவள் என்பதற்காக என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் மலாயும்தான். கண்டிப்பானவர். அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரியிலேயே சில பல் மருத்துவர்கள் 'எஸ்டேட் வாய்' என்று ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். வெற்றிலை, புகையிலை, பல் விளக்காத சோம்பேறித்தனம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பல் ஆடினால் பிடுங்கு, அடுத்த ஆளைக் கூப்பிடு. பேராசிரியருக்கு அந்தப் பேச்சு ஆகாது. வாயைத் திறந்து பார்க்காமல் நோயாளியைக் குறை சொல்லாதே என்பார்.

தனம் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவுகிறவள். இருபது வயதிருக்கும். சிரம்பான் அரசாங்கப் பல் கிளினிக்கிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி, முன்னே தள்ளிக்கொண்டு நின்றன. விரலால் தொட்டாலே ஆடின. ஆனால் பற்கள் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. ஈறில் வீக்கம்கூடப் பெரிதாக இல்லை.

"காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னால வெளக்குறேன் டாக்டர். படுக்கறதுக்கு முன்னாலயும் வெளக்குறேன். உப்பு வெச்சுக்கூட தேச்சுப் பாத்துட்டேன்," என்றாள். "இருந்தாலும் லயத்து வீடுகள்ல எல்லாரும் நான் பல்லே வெளக்குறதில்லன்னுதான் பேசிக்கிறாங்க."

"நான் டாக்டர் இல்ல தனம். லேப்ல வேல செய்யிறேன்."

"அப்ப அக்கான்னு கூப்புடுறேன்."

பேராசிரியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் எலும்பு மட்டும் கரைந்திருந்தது. பக்கத்துப் பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுக்கால் வருவது இப்படித் தேர்ந்தெடுத்து அரிக்காது என்றார். வீட்டில் எல்லோருடைய வாயிலிருந்தும் மாதிரி வேண்டும் என்றார்.

தனத்தின் அம்மாவுக்கு முப்பது வயதிலேயே பாதிப் பற்கள் போயிருந்தன. தங்கை ராஜேஸ் அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கடைவாயில் அரிப்பு தொடங்கியிருந்தது. அப்பா மட்டும்தான் விசித்திரம். நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். பற்கள் காவியேறிக் கிடந்தன, ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. ஐம்பது வயதிலும் கரும்பைக் கடித்து உரிப்பார்.

ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்த்தோம். நால்வரிடமும் ஒரே பெயருள்ள கிருமி இருந்தது. அப்பாவிடமும் இருந்தது. கல்லூரியில் மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கெட்டியான பல் உள்ளவரிடமும் இந்தக் கிருமி இருக்கிறது, எனவே நோய்க்கு இது காரணமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

பேராசிரியர் விடவில்லை. ஒவ்வொருவருடைய கிருமியையும் தனித்தனியாக மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணுக்களுக்கு என் கையிலிருந்தே ரத்தம் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கிருமியோடு சேர்ந்த அணுக்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. தனத்தின் கிருமியோடு சேர்ந்தவை வெடித்துச் செத்துக் கிடந்தன. அம்மாவுடையதும் ராஜேஸுடையதும் அப்படியே. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நம்மைக் காக்க ஓடி வருகிற அணுக்களையே அந்தக் கிருமி கொன்றுகொண்டிருந்தது. அப்புறம் ஈறுக்கும் எலும்புக்கும் யார் காவல்?

"பெயர்தான் ஒன்று. இவை இரண்டும் வேறு வேறு," என்றார் பேராசிரியர். வெள்ளை அணுவைக் கொல்லும் விஷத்தைச் செய்வதற்கான ஜீன் இரண்டிலும் இருக்கிறது. அப்பாவின் கிருமியில் அந்த ஜீன் அடங்கி நடக்கிறது, பெண்களின் கிருமியில் கட்டுப்பாடு போய் விஷம் கொட்டுகிறது என்பது அவருடைய ஊகம். அதைப் படித்துப் பார்க்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. சில வருடங்கள் கழித்து, உறைய வைத்திருந்த அதே கிருமிகளை எடுத்துப் படித்தபோது, விஷ ஜீனுக்கு முன்னால் அதை அடக்கி வைக்கும் இடத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமலிருந்தது. அவர் சொன்னது சரிதான். அதைக் காண அவர் இல்லை.

சிகிச்சை என்ன என்பது தெளிவாகிவிட்டது. பல் விளக்கினால் மட்டும் போதாது. ஈறைத் திறந்து சுத்தம் செய்து, கூடவே கிருமியைக் கொல்லும் மாத்திரையும் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் எஸ்டேட்டுக்குப் போனோம்.

தனத்துக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை சேகர், கோலா சாவாவில் எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டுகிறவன். பல்லைப் பார்த்துவிட்டும் சம்மதித்த வீடு அது. சேகரின் அம்மா சிரித்துக்கொண்டே, "கட்டிக்கிட்டு வரட்டும், எப்படி வெளக்குறதுன்னு நான் சொல்லித் தர்றேன்," என்று சொன்னதாகத் தனம் என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. வெட்கம்தான்.

எஸ்டேட் கிளினிக் ஒரு சின்னப் பலகைக் கட்டிடம். வராந்தா பெஞ்சில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே ராஜேஸின் வாயில் மறுபடி ஒரு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவருக்கு அன்று உற்சாகம். இந்தப் பெண்ணை அழுக்கு என்று பேசிய எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று வராந்தாவில் நின்று சத்தமாகவே பேசினார். இவள் மேல் ஒரு தப்பும் இல்லை, இவள் சுத்தமாகத்தான் இருக்கிறாள், கோளாறு கிருமியின் ஜீனில் இருக்கிறது என்றார். மொழிபெயர்த்தவர் டிரசர். அந்தக் கிளினிக்கில் மருந்து கொடுப்பது, காயம் தைப்பது எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். ஜீன் என்ற சொல்லை மலாய்ப் பத்திரிகையில் படித்திருக்கிறார். அங்கே அதற்குப் பரம்பரை என்று அர்த்தம்.

"பல்லு வெளக்காததால இல்லியாம்," என்று அவர் எல்லோருக்கும் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. "இது ஜீனாம். பரம்பரையா வர்ற வியாதியாம்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தேன்.

"அப்படியில்லைங்க. அது கிருமியோட ஜீன். இவங்களோடது இல்ல. கிருமியிலதான் கோளாறு."

டிரசர் என்னைப் பார்த்து நிஜமாகவே புரியாமல் கேட்டார். "கிருமிக்கு ஏது மிஸ் பரம்பரை?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். எல்லா உயிருக்கும் ஜீன் உண்டு, கிருமியும் உயிர்தான் என்று ஆரம்பித்தேன். சிலர் கேட்டார்கள். சிலர் அதற்குள் எழுந்து போய்விட்டார்கள். பேராசிரியர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று வேனில் ஏறிய பிறகு நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த முறை சிகிச்சைக்குத் தங்கையோடு வந்தபோது தனம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சேகர் வூட்டுல கல்யாணத்த நிறுத்தி வெச்சிருக்காங்கக்கா. பரம்பர வியாதின்னு யாரோ போய் சொல்லிட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"புரோபசரும் வர்றேன்னு சொல்வாரு."

"அவரு வேணாம். அவரு வந்தா திரும்ப இங்கிலீஷ்ல பேசுவாரு."

சிரித்துவிட்டோம். அவளோடு நான் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோலா சாவாவுக்குப் போனேன். ஆலைக் குடியிருப்பில் அவர்கள் வீடு. சேகரின் அம்மா கணவரை இழந்தவர், ஆலையிலேயே வேலை செய்து மகனை வளர்த்தவர். என்னை நாற்காலியில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். சேகர் கதவோரம் நின்றான். அதட்டலோ முறைப்போ இல்லை. இவர்களிடம் பேசிவிடலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

பொறுமையாகச் சொன்னேன். தனத்தின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, அவள் வாயில் ஒட்டியிருக்கும் கிருமி பொல்லாதது, அதன் குணம்தான் கெட்டது என்றேன். அந்த அம்மா கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ள ஒடம்புல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைங்க."

"மருந்து குடுத்தா போயிருமா?"

"போயிரும். ஆடுற பல்லு சிலது போகும். மத்ததக் காப்பாத்திரலாம்."

அவர் முகம் தெளிந்தது. சேகர் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியல லா. அம்மாவுக்கும் பல்லு போச்சு. ரெண்டு பொண்ணுக்கும் வந்திருக்கு. பரம்பரை இல்லன்னா பின்ன எப்படி அம்மாகிட்டேருந்து புள்ளைங்களுக்கு வந்திச்சி?"

நல்ல கேள்வி. எங்கள் கல்லூரியில் அதைக் கேட்காதவர்கள் இருந்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது, அந்த நாளில் யாருக்கும் முழுதாகத் தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதைக் காப்பாற்றப் போவது இந்த அம்மாதான். மறைத்துவிட்டுப் போனால் அந்தக் குழந்தைக்கு யார் சொல்வார்கள்? இந்த யோசனைகள் எல்லாம் அந்த மைலோ கோப்பையைக் கையில் வைத்திருந்த சிறு நேரத்துக்குள் ஓடின.

"எச்சில் வழியா," என்றேன். "சோத்த மென்னு ஊட்டுறது, முத்தம் குடுக்குறது, இப்படிப் போகும்."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பொறக்கப்போற புள்ளைக்கும் வரும்."

"வரலாம். வராம பாத்துக்கவும் முடியும். மருந்து முடிஞ்சதும் நாங்க சோதிச்சுப் பாப்போம். கிருமி போயிருச்சுன்னா பயமே இல்ல."

"எம் மவனுக்கும் வரலாம்."

"பெரியவங்களுக்கு அவ்வளவு சுலபமா ஒட்டாதுங்க. தனத்தோட அப்பாவையே பாருங்க, இத்தன வருசம் கூட இருந்தும் அவரு சம்சாரத்தோட கிருமி அவருகிட்ட இல்ல."

அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் வேறெங்கோ போய்விட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உள்ளத மறைக்காம சொன்னீங்க. நல்லா இருக்கணும்," என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சேகர் கதவோரத்தில் இல்லை. வெளியே வந்தபோது லோரியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் குனிந்திருந்தான். நான் கடந்து போனபோதும் நிமிரவில்லை.

சிரம்பான் பஸ் நிலையத்தில் தனம் காத்திருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எச்சில்னு சொன்னீங்களா?"

"கேட்டாங்க தனம்."

"கேட்டா சொல்லத்தான் வேணும்." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போய் நான் மட்டும் எப்படி இருப்பேன்." பிறகு, "நான் பல்லு வெளக்காதவன்னே நெனச்சிருந்தா கட்டியிருப்பாங்க இல்லக்கா?" என்றாள்.

அழுக்கு என்பது அந்த வீட்டில் மன்னிக்கக்கூடிய குற்றம். வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம். நாங்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த உண்மைக்கு அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை.

கல்யாணம் நின்றது. பேராசிரியரிடம் சொன்னேன். "அவள் மேல் இருந்த கறையைத் துடைக்கப் போனேன்," என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளியிடம் எதைச் சொன்னாலும், வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்பார். அவர்கள் சொல்லும்போதுதான் நம்முடைய சொல் அவர்கள் வாயில் என்னவாக மாறியிருக்கிறது என்று தெரியும். பல தடவை தலைகீழாக மாறியிருந்தது. நீங்களும் இதைச் செய்யுங்கள். நேரமாகும். ஆகட்டும்.

இன்னொன்று. உங்களிடம் கேள்வி கேட்பவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கலாம், முடிவெடுப்பதற்காகவும் கேட்கலாம். பதில் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரிடம் சொல்லும்போது அவசரப்படக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது உண்மை, இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தனத்தின் சோதனை முடிவு கையில் வந்த பிறகு, அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமோ என்று நினைப்பதுண்டு. வெளியே போய்விடுவதற்கு முன் சேகரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கலாமோ என்றும் நினைப்பதுண்டு. அதெல்லாம் நடந்திருந்தாலும் கல்யாணம் நின்றுதான் போயிருக்கும் என்று பேராசிரியர் சொல்வார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ.

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. தனத்துக்கு முன்பற்கள் இரண்டும் கடைவாய்ப் பற்கள் சிலவும் போயின. மற்றவை உறுதியாக நின்றுவிட்டன. ராஜேஸுக்கு ஒரு பல்கூடப் போகவில்லை. கிருமி இருவரிடமும் இல்லாமல் போனது. பல முறை சோதித்துப் பார்த்தோம். எங்கள் வேலையை வைத்துச் சொன்னால் இது வெற்றி. கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டினோம், கை தட்டினார்கள்.

தனம் மரம் சீவுவதை விட்டுவிட்டுச் சிரம்பான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தாள். செயற்கைப் பல் வைத்த பிறகு பார்க்க அழகாக இருந்தாள். மாப்பிள்ளைகள் வந்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட்டை வீடு கட்டி விற்கும் கம்பெனி வாங்கிய பிறகு குடும்பம் பாரோய்க்கு மாறியது. சேகர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை பாரோய் போயிருந்தேன். அந்தக் கிருமிகளின் ஜீனைப் படித்து முடித்திருந்த நேரம். அதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ராஜேஸ் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. தவழத் தொடங்கிய வயது.

ஜீனைப் பற்றிச் சொன்னேன். தனம் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப புரோபசர் சொன்னது சரிதான்," என்றாள். அதற்கு மேல் அதில் அவளுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. குழந்தை அவள் மடியில் ஏறி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, முகத்தோடு முகம் வைக்கப் பார்த்தது. தனம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் வாய் அவள் காதோரம் பட்டது.

"பொறந்ததிலேருந்து இப்படித்தான்கா," என்றாள் ராஜேஸ். "குளிப்பாட்டுறது, தூங்க வெக்கிறது எல்லாம் அவதான். ஒரு முத்தம் குடுத்தது இல்ல. நான் குடுக்கறேன், எனக்கும்தான் இருந்திச்சி. அவ கேக்க மாட்டேங்கிறா."

"தனம், உன் வாயில அந்தக் கிருமி இல்ல. நானே பாத்திருக்கேன். எத்தன தடவ பாத்தேன்."

"தெரியும்கா."

"அப்புறம் என்னா?"

"தெரியும். இருந்தாலும் வரல."

குழந்தை மறுபடியும் அவள் முகத்தை எட்டிப் பிடித்தது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க ஒண்ணு குடுங்கக்கா. நான் பாக்குறேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டேன். பவுடர் வாசம் அடித்தது. கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். அது கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. தனம் முட்டியைக் கட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.